ஆதாரத்தில் எழுதிய நிபந்தனையும் பக்கத்து வீட்டுத் தகராறும்: பாலக்காட்டு எல்லையில் வீடு வாங்கிய தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

வேலந்தாவளத்தில் தொடங்கி கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வரைக்கும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர்கள் ஒரு பக்கம். கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் மனை விலை ஏறிப்போனதால் இந்தப் பக்கம் வந்து வில்லாவோ மனையோ வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது ரகம். கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்துக்கொண்டே, 22 வீடுகள் உள்ள ஒரு காலனியில் குடியேறி, அங்கே 6 வருடம் சங்கச் செயலாளராகவும் இருந்தேன். வக்கீல் இல்லை. ஆனால் மதில், தகரக் கூரை, வழி, நாய், தண்ணீர் என்று எங்கள் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வந்த சண்டைகளில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

ஆதாரத்தில் நிபந்தனை இருக்கிறது என்கிறார்கள். அப்படி என்றால் என்ன?

ஒரே ஆளிடம் இருந்த பெரிய இடத்தைப் பிரித்து விற்கும்போது, விற்கிறவர் ஒவ்வொரு கிரையப் பத்திரத்திலும் ஒரே மாதிரியான சில கட்டுப்பாடுகளை எழுதிவிடுவார். குடியிருப்புக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், கடை போடக் கூடாது. இரண்டு மாடிக்கு மேல் எழுப்பக் கூடாது. பக்கவாட்டில் இத்தனை அடி வானம் பார்த்த இடமாக விட வேண்டும். முன்மதில் இத்தனை உயரம்தான். தனியாக ஆழ்குழாய்க் கிணறு கூடாது. காலனிச் சாலை எல்லாருக்கும் பொது. கேரளத்தில் பத்திரத்துக்கு ‘ஆதாரம்’ என்று பெயர். அதனால்தான் ‘ஆதார நிபந்தனை’ என்கிறோம்.

இதையும் மற்ற விதிகளையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காலனியில் மூன்று வகை எழுத்து உண்டு. பதிவான ஆதாரத்தில் இருப்பது ஒன்று. சங்கத்தின் நியமாவலியில், அதாவது துணைவிதிகளில் இருப்பது இன்னொன்று. வாட்ஸ்அப் குரூப்பிலும் நோட்டீஸ் போர்டிலும் வருவது மூன்றாவது. மூன்றுக்கும் பலம் வேறு வேறு. யாராவது “ரூல் இருக்கிறது” என்று சொன்னால், எதில் இருக்கிறது என்று கேட்பதில் இருந்து தொடங்குங்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே சூடு தணிந்திருக்கிறது.

என் காசு, என் மனை. விற்றுவிட்டுப் போனவர் எனக்கு எப்படி நிபந்தனை போட முடியும்?

நியாயமான கேள்விதான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, முழு உரிமையோடு விற்ற பிறகு ‘இதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும்’ என்று கட்டளை போட்டால் வாங்கியவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. விற்றவருக்குப் பக்கத்தில் இன்னொரு இடம் இருந்து, அந்த இடத்தை நல்லபடியாக அனுபவிப்பதற்காகவே அந்தக் கட்டளை போடப்பட்டிருந்தால், அது செல்லும். காலனி மனைகளின் நிபந்தனைகள் பொதுவாக இந்த விலக்குக்குள்தான் வருகின்றன.

அடுத்தது 40-ஆம் பிரிவு. உங்களிடம் இருந்து மூன்றாவது ஆள் வாங்கினாலும், நிபந்தனை தெரிந்து வாங்கியிருந்தால் அது அவரையும் பிடிக்கும். தானமாகப் பெற்றவரையும் பிடிக்கும். “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்புவது கஷ்டம், ஏனென்றால் பதிவான ஆவணத்தில் இருப்பது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

இதற்கு வேர் லண்டனில் இருக்கிறது. லெஸ்டர் சதுக்கத்தின் நடுவில் இருந்த தோட்டத்தை, தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1808-இல் டல்க் என்பவர் விற்றார். கை மாறி கை மாறி மாக்ஸ்ஹே என்பவரிடம் வந்தது. நிபந்தனை தெரிந்தே வாங்கிய அவர் அங்கே கட்டடம் எழுப்பப் பார்த்தார். 1848-இல் நீதிமன்றம் தடுத்துவிட்டது. ‘கட்டாதே’, ‘மறைக்காதே’ போன்ற தடைகள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இப்படி ஒட்டிக்கொண்டு வருவது தடைகள்தான். ‘மாதம் இவ்வளவு பணம் கட்டு’, ‘மதிலுக்கு வருடா வருடம் வெள்ளை அடி’ என்பது போன்ற, செய்யச் சொல்லும் கட்டளைகள் அடுத்து வாங்குபவரிடம் அவ்வளவு எளிதாகத் தாவாது. அதற்கு அவர் சங்கத்தில் உறுப்பினராகக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அல்லது வேறு சட்டக் கடமை இருக்க வேண்டும்.

எனக்கு மலையாளம் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. ஆதாரத்தில் எந்த வார்த்தைகளைப் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். முழுக்கத் தெரியாத மொழி என்றால் ஆளை வைத்துப் படித்துவிடுவோம். மலையாளம் நமக்குப் பாதி தெரிந்த மாதிரி இருக்கிறது, அங்கேதான் கால் வழுக்குகிறது. ஆதாரத்தை யாராவது வேகமாக வாசித்துக் காட்டும்போது நம் காதில் தமிழாக விழுகிற வார்த்தைகள் பல, அங்கே வேறு பொருளில் இருக்கின்றன.

முதலில் ‘வ்யவஸ்த’. நமக்கு வியவஸ்தை என்றால் ஒழுங்கு, அறிவு. மலையாளத்தில் அது நிபந்தனை. ‘வ்யவஸ்தகள்’ என்று தலைப்புப் போட்டு வரும் பகுதிதான் நீங்கள் வரிக்கு வரி படிக்க வேண்டிய இடம்.

‘பாடில்ல’ இன்னும் ஆபத்தானது. நாம் “இன்னும் கட்டினபாடில்லை” என்றால் கட்டி முடிக்கவில்லை என்று பொருள். அங்கே ‘கெட்டான் பாடில்ல’ என்றால் கட்டவே கூடாது. ஒரு பெரியவர் இதை “இப்போதைக்கு ஒன்றும் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்” என்று புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

‘அவகாசம்’ என்றால் உரிமை. நமக்கு அது கால அவகாசம். ‘வழி அவகாசம்’ என்று வந்தால் வழியில் நடக்கும் உரிமையைச் சொல்கிறார்கள். ‘பாத்யத’ நேர் எதிர்ப் பொருளே தரும்: நம் பத்திரங்களில் பாத்தியதை என்றால் நமக்குள்ள உரிமை, அங்கே அது கடன், பொறுப்பு, வில்லங்கம். ‘விதேயமாயி’ என்பது ‘உட்பட்டு’. ‘முன்னாதாரத்திலே வ்யவஸ்தகள்க்கு விதேயமாயி’ என்று உங்கள் ஆதாரத்தில் ஒரே ஒரு வரி இருந்தால், நிபந்தனைகள் எல்லாம் முந்தைய ஆதாரத்தில் இருக்கின்றன, அவை உங்களுக்கும் உண்டு என்று அர்த்தம். உடனே அந்த முன்னாதாரத்தின் நகலை வாங்குங்கள்.

‘சட்டம்’, ‘நியமம்’, ‘விதி’ மூன்றும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். நாம் சட்டம் என்பது அங்கே நியமம். நாம் விதி என்பது அங்கே சட்டம். அங்கே விதி என்றால் தீர்ப்பு. ‘கெட்டிட நிர்மாண சட்டம்’ என்று பஞ்சாயத்து நோட்டீஸில் வந்தால் அது கட்டட விதிகளைத்தான் குறிக்கிறது.

எல்லாவற்றிலும் பணத்தை விழுங்குவது ‘நிலம்’ என்ற சொல். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல் வயல். தோட்டம், மனை எல்லாம் ‘புரயிடம்’. கரச் சீட்டிலோ (நில வரி ரசீது) ஆதாரத்திலோ உங்கள் மனை ‘நிலம்’ என்று இருந்தால், 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நெல்வயல், நீர்நிலப் பட்டியலான டேட்டா பேங்கில் அந்த இடம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறாகச் சேர்ந்திருந்தால் நீக்கக் கோரி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்ட அலுவலர்) படிவம் 5-இல் மனுக் கொடுக்க வேண்டும். “நிலம்தானே, சரியாகத்தானே எழுதியிருக்கிறார்கள்” என்று நம் ஆட்கள் தாண்டிப் போகிற சொல் இது.

அளவும் மாறும். ஆதாரத்தில் ‘ஆர்’ என்று இருக்கும். 1 ஆர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். நான்கு எல்லையை ‘நாலதிரு’ என்பார்கள். பட்டா மாறுதல் மாதிரியானது ‘போக்குவரவு’. வில்லங்கச் சான்றுக்கு ‘குடிக்கட சர்டிபிகேட்’.

ஆதாரம் எழுதுகிறவரிடம் “மெதுவாக வாசியுங்க, ஒவ்வொரு வரியும் தமிழில் சொல்லுங்க” என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். எல்லைப் பக்கத்தில் இருக்கிற ஆதாரம் எழுத்துக்காரர்களில் தமிழ் தெரியாதவர் குறைவு. ஒரு மணி நேரம் ஆகட்டும், பரவாயில்லை.

சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். நான் கட்டுப்பட வேண்டுமா?

நீங்கள் உறுப்பினராக இருந்து, நியமாவலியில் அந்த அதிகாரம் சங்கத்துக்கு இருந்து, கூட்டம் முறையாக அறிவித்து நடந்திருந்தால், பொது இடங்களைப் பற்றிய தீர்மானம் உங்களைக் கட்டுப்படுத்தும். உங்கள் மனைக்குள் என்ன செய்யலாம் என்பதில் ஆதாரத்தில் இல்லாத ஒரு புதுத் தடையை, கை தூக்கி ஓட்டெடுத்துக் கொண்டுவர முடியாது. அபராதமும் அப்படியே. நியமாவலியில் இல்லாத அபராதத்தை வசூலிக்கப் போனால் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

சங்கம் பதிவானதா என்றும் பாருங்கள். இங்கே ஒரு பழைய சரித்திரம் குறுக்கே வருகிறது. பாலக்காடு மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. இந்த எல்லைப் பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-இல் கேரளம் பிறந்த பிறகும் சங்கப் பதிவுச் சட்டங்கள் ஒன்றாகவில்லை: மலபார் பகுதிக்கு 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம், பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்கு 1955-ஆம் ஆண்டின் சட்டம். பக்கத்துக் காலனியின் நியமாவலியை அப்படியே நகலெடுத்துப் பதிவு செய்யப் போகிறவர்கள் தங்களுக்கு எது பொருந்தும் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர் நிபந்தனையை மீறிக் கட்டுகிறார். முதலில் என்ன செய்வது?

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு மலையாளக் குடும்பம். வாஷிங் மெஷின் நனைகிறது என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த திறந்த இடத்தின் மேல் தகர ஷீட் இறக்கினார்கள். மழை வந்ததும் ஷீட்டுத் தண்ணீர் முழுக்க எங்கள் சமையலறைச் சுவரில் அடித்தது. பெயிண்ட் உப்பி, உள்பக்கம் பூசணம் பிடித்து, மளிகை டப்பாவை எல்லாம் வேறு அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நான் போய்ச் சத்தம் போட்டேன். அவர் “பில்டர் சம்மதம் சொன்னார்” என்றார். இரண்டு மாதம் பேச்சே இல்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஆதாரத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எனக்குத்தான் மலையாளம் படிக்க வராதே. “ஏட்டா, இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்க” என்று நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வ்யவஸ்தகள் பகுதியைச் சத்தமாக வாசித்தார். பக்கவாட்டில் 4 அடி ஆகாயம் பார்த்து விட வேண்டும் என்ற வரி வந்ததும் நிறுத்தினார். இன்னொரு தடவை வாசித்தார். “தம்பி, இது என் ஆதாரத்திலும் உண்டு, அல்லே?” என்றார். 22 ஆதாரத்திலும் உண்டு என்றேன். அடுத்த வாரம் ஷீட்டில் பாதியை வெட்டி, மீதிக்கு வாட்டம் மாற்றி, பாத்தி வைத்து, தண்ணீரைத் தன் பக்கமே இறக்கிவிட்டார்.

மீதிப் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன், ஆனால் எழுத்தில். ‘இது என் அனுமதியால் இருக்கிறது, உரிமையாக அல்ல’ என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். எதற்கு இந்தத் தாள்? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, சில வசதிகளை ஒருவர் 20 வருடம் இடையூறு இல்லாமல் உரிமையோடு அனுபவித்தால் அது நிலைத்த உரிமை ஆகிவிடும். நீங்கள் அனுமதித்து இருப்பது என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்கு ஓடாது. விட்டுக்கொடுப்பவர்கள் எல்லாரும் இந்தத் தாளை எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சில் முடியவில்லை என்றால், தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். அவருடைய ஆதாரத்தின் சான்றிட்ட நகலை சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸில் வாங்குங்கள். அவருக்கும் சங்கத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கட்டட விதியும் மீறப்பட்டிருந்தால் பஞ்சாயத்துச் செயலாளரிடம் புகார் கொடுங்கள்.

தாமதம் மட்டும் கூடாது. குறித்த நிவாரணச் சட்டம் 1963-இன் 41-ஆம் பிரிவில், தொடர்ந்து நடக்கும் மீறலைப் பார்த்துக்கொண்டு இணங்கி இருந்தவருக்குத் தடையுத்தரவு கிடைக்காது என்று இருக்கிறது. அஸ்திவாரம் போடும்போது சும்மா இருந்துவிட்டு, கிரகப்பிரவேசச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருடம் இடிக்கச் சொன்னால் நீதிமன்றம் கேட்காது.

பஞ்சாயத்து பெர்மிட் வாங்கித்தான் கட்டுகிறேன் என்கிறார். அப்படியானால் நிபந்தனை போய்விட்டதா?

இல்லை. பெர்மிட் என்பது 2019-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட விதிகளுக்கு வரைபடம் பொருந்துகிறது என்பதற்கான அனுமதி. மனைக்காரர்களுக்குள் உள்ள ஆதார நிபந்தனையை அது ரத்து செய்யாது. மறுபக்கமும் அப்படித்தான்: ஆதாரம் அனுமதிக்கிறது என்பதற்காகக் கட்டட விதியை மீற முடியாது. இரண்டில் எது கடுமையோ அதற்கு அடங்கிக் கட்டுவதே வழி.

மதில் எங்கள் பக்கம் ஒரு அடி உள்ளே வந்துவிட்டது. யார் அளப்பார்கள்?

தனியார் சர்வேயரை வைத்து அளந்தால் உங்களுக்கு விவரம் தெரியும், பக்கத்து வீட்டுக்காரரை அது கட்டுப்படுத்தாது. தாலுகா ஆபீஸில் விண்ணப்பித்து அரசு சர்வேயரை வரவழைத்து, இரண்டு பேரும் நிற்கும்போது அளக்க வையுங்கள். 2022 நவம்பரில் ‘என்டெ பூமி’ என்ற டிஜிட்டல் மறு அளவைத் தொடங்கியது. உங்கள் கிராமத்தில் அளவை நடந்திருந்தால் உங்கள் பெயர், பரப்பு, எல்லை மூன்றையும் சரிபாருங்கள். தவறு இருந்தால் வரைவு நிலையிலேயே ஆட்சேபம் கொடுத்துவிடுவது சுலபம். ஊரில் இல்லாமல் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள். யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

காலனிச் சாலையில் பின்மனைக்காரருக்கு வழி உண்டா? அவர் காலனியைச் சேர்ந்தவரே இல்லை.

ஆதாரத்தில் எழுதியிருந்தால் உண்டு. ஒரே ஆளின் இடத்தைப் பிரித்ததில் அவருக்கு வேறு வழியே இல்லாமல் போயிருந்தால், அவசிய வழி என்ற அடிப்படையில் வசதியுரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் உண்டு. 20 வருடம் உரிமையோடு நடந்திருந்தால் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் உண்டு. இது எதுவும் இல்லாமல், சுற்றிப் போவது தூரம் என்பதற்காக மட்டும் கேட்டால் கிடையாது. ராத்திரியோடு ராத்திரியாக கேட்டைப் பூட்டுவது மட்டும் வேண்டாம். உரிமை இருக்கிறவரைப் பூட்டினால் நீங்கள்தான் கோர்ட்டில் நிற்பீர்கள்.

“நாய் வளர்க்கக் கூடாது” என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

எடுக்கச் சொல்லுங்கள். இப்படி முழுத் தடை போடும் சங்க விதிகள் சட்டவிரோதம், செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் சொல்லியிருக்கிறது. அதே சமயம், பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை இல்லாமல் வளர்ப்பது உங்கள் கடமை. தடுப்பூசி, கயிறு, சுத்தம் பற்றி நியாயமான விதிகளைச் சங்கம் வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் கூரை மேல் சாய்ந்திருக்கிறது.

முதலில் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள், அப்புறம் பஞ்சாயத்துச் செயலாளரிடம் போங்கள். ஆபத்தான மரத்தை அகற்றச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. பொதுவழியில் போகிறவர்கள் மேல் விழும் நிலை என்றால் ஆர்.டி.ஓ.வும் உத்தரவு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவு. காற்றுக் காலம் தொடங்கும் முன்னால் கொடுங்கள்.

தனியாக போர் போடக் கூடாது என்ற நிபந்தனை நியாயமா?

மழை நிறையப் பெய்கிற கேரளத்தில் இது எதற்கு என்று தோன்றும். சித்தூரின் கிழக்குப் பகுதி அந்தக் கேரளம் இல்லை. எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் சித்தூர்ப் புழைக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று எழுதியிருப்பதும், அது குறையும்போதெல்லாம் இங்கே போராட்டம் நடப்பதும் எல்லாரும் அறிந்தது. 22 மனையில் 22 போர் போட்டால் பொதுக் கிணறு வற்றிவிடும் என்று பயந்துதான் இந்த நிபந்தனையை எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், காலனி ஆதாரங்களில் இருக்கும் நிபந்தனைகளிலேயே மிக அவசியமானது இதுதான். ஒருவர் மீறினால் மற்றவர்களும் வரிசையாக மீறுவார்கள், அப்புறம் எல்லாரும் லாரித் தண்ணீர்தான்.

திறந்த கிணறு இருக்கும் இடத்தில் இன்னொன்றும் பாருங்கள். குடிநீர்க் கிணற்றில் இருந்து 7.5 மீட்டருக்குள் கழிவுநீர் உறிஞ்சுக்குழி வரக் கூடாது என்பது கேரளக் கட்டட விதி. கிணறு உங்களுடையது, குழி பக்கத்து வீட்டுடையது என்றாலும் தூரம் தூரம்தான்.

மெயின்டனன்ஸ் கட்டாதவர் வீட்டுத் தண்ணீரை நிறுத்தலாமா?

கூடாது. பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் விடலாம், அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) போகலாம், வழக்குப் போடலாம். குடிநீர், வாழும் உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. எங்கள் கமிட்டியிலும் ஒரு முறை வால்வை அடைக்க வேண்டும் என்று ஆவேசமாகப் பேசினார்கள். அந்த வீட்டில் படுக்கையில் இருந்த ஒரு பாட்டி உண்டு. நான் கையெழுத்துப் போட மறுத்தேன். இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன்.

பார்க் என்று காட்டிய இடத்தை பில்டர் இன்னொரு மனையாக விற்கப் பார்க்கிறார்.

இதில் தாமதிக்காமல் எல்லாரும் ஒன்றாக நில்லுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், அல்லது 8 வீட்டுக்கு மேல் உள்ள திட்டம் என்றால், மனைத் திட்டமாக இருந்தாலும், 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, அனுமதி பெற்ற வரைபடத்தை மாற்ற வேண்டும் என்றால் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். 17-ஆம் பிரிவுப்படி பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது பில்டரின் கடமை. திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ரெரா ஆணையமான கே-ரெராவில் புகார் கொடுக்கலாம்.

ஒரு தவறை எச்சரிக்கிறேன். வெற்றுத் தாளிலோ, மொத்தமாக எழுதிய ‘சம்மத பத்ரம்’ ஒன்றிலோ கிரைய நாளன்றே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சாவி வாங்குகிற சந்தோஷத்தில் நாமும் போட்டுவிடுவோம். பிறகு மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் என்று அதுதான் வெளியே வரும். படித்துப் பார்க்காத எதிலும் அன்று கையெழுத்து வேண்டாம்.

இன்ன சமூகத்தாருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை போட முடியுமா?

பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்றின் வழக்கில், உறுப்பினர் ஆவதைத் தங்கள் சமூகத்தோடு நிறுத்திக்கொள்ளும் துணைவிதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பற்றிய தீர்ப்பு அது. அதைக் காட்டி, மனை விற்கும் சாதாரணக் காலனி எல்லாம் ஆள் பார்த்து வடிகட்டலாம் என்று சொல்வது பொருந்தாது. மனதளவில் எனக்கு அந்தத் தீர்ப்பே ஏற்பில்லை. இரண்டு மொழியும் எல்லா மதமும் கலந்து வாழ்கிற இந்த எல்லையில், அப்படி ஒரு வரி உள்ள ஆதாரத்தை நான் வாங்க மாட்டேன்.

கல்பாத்தி அக்ரஹாரத்தில் பூர்வீக வீடு. இடித்துக் கட்டினால் பக்கத்து வீட்டார் தடுக்கிறார்கள்.

அங்கே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. நடுச்சுவர் இரண்டு வீட்டையும் தாங்குகிறது. உங்கள் பக்கத்தை இடிப்பதால் அவர் உத்தரம் இறங்கினால் பொறுப்பு உங்களுடையது. பாரம்பரியப் பகுதி என்பதால் முகப்பை மாற்றுவதற்குக் கலை, பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதலும் தேவைப்படும். ஒரு பொறியாளரை வைத்து நடுச்சுவர் நிலையை எழுதி வாங்கி, அதைப் பக்கத்து வீட்டாரிடம் காட்டிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

அரசு ஆபீஸில் தமிழில் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம் என்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பொறுமையாகச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். அவசரமான புகார் என்றால் கூடவே ஒரு மலையாளப் பிரதியும் வைத்துவிடுங்கள்.

கடைசியில் கோர்ட்தான் என்றால்?

முன்சிஃப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போட வேண்டும். வக்கீல் கமிஷனரை நியமித்து இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லிக் கேளுங்கள். கட்டி மறைப்பதற்கு முன்னால் எடுத்த அந்த அறிக்கை பின்னால் பெரிய உதவி. அதற்கும் முன்னால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனுக் கொடுத்துப் பாருங்கள். வழக்குக்கு முந்தைய அதாலத்தில் கோர்ட் கட்டணம் கிடையாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே இருவரும் ஒத்துக்கொண்டு எழுதும் தீர்வு, நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடும் இல்லை.

போகும்போது ஆதாரம், முன்னாதாரம், கரச் சீட்டு, குடிக்கட சர்டிபிகேட், அனுமதி வரைபடம், போட்டோக்கள், தபால் ரசீது எல்லாம் இருக்கட்டும். தீர்வு மலையாளத்தில் எழுதப்பட்டால், கையெழுத்துக்கு முன் ஒருமுறை தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.